ஆடு பாம்பே: திருவனந்தபுரத்தின் ஒரு ராக் ஆல்பமும் அதற்குள் இருந்த தமிழும்

2008ஆம் ஆண்டில் கேரளத்திலிருந்து இரண்டு ராக் இசைத்தொகுப்புகள் வெளிவந்தன. ஒன்று கொச்சியின் மதர்ஜேன் குழு வெளியிட்ட ‘மக்தூப்’. மற்றொன்று திருவனந்தபுரத்தின் அவியல் குழு தன் பெயரையே தலைப்பாக இட்டு வெளியிட்ட ‘அவியல்’. முன்னது ஆங்கிலம், பின்னது மலையாளம். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பேசும் வழக்கம் அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை. அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரு கேள்வியிலேயே வந்து நிற்கும்: ராக் இசைக்கு எந்த மொழி பொருந்தும்? ஆங்கிலம்தான் என்போர் ஒரு பக்கம், தாய்மொழியிலும் முடியும் என்பதற்கு அவியலே சான்று என்போர் மறு பக்கம். இரு தரப்பும் கவனிக்காமல் கடந்துபோன செய்தி ஒன்று உண்டு. மலையாள ராக்கின் முதல் பெரும் ஆல்பம் எனக் கொண்டாடப்பட்ட அந்தத் தொகுப்பில் மிக வலுவாக ஒலிக்கும் பாடல்களுள் ஒன்று, தன் வடிவத்தையும் விளியையும் தமிழ்ச் சித்தர் மரபிலிருந்து பெற்றுக்கொண்டது.

இதைக் கேட்டதும் ‘எல்லாம் தமிழிலிருந்துதான் வந்தது’ என்று முழங்கத் தோன்றும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். இங்கே பேசப்படுவது உரிமை கோரல் இல்லை. ஒரு புதிய ஆல்பம் வெளிவந்ததும் அதைப் பற்றிச் சொல்லப்படும் கருத்துகள் எதைக் கேட்டன, எதைக் கேட்காமல் விட்டன என்பதன் வரலாறு இது.

அந்த வரலாற்றைக் கொச்சியிலிருந்து தொடங்குவதே முறை. 1970களின் பிற்பகுதியில் அங்கே உருவான ‘தேர்ட்டீன் ஏடி’ குழு, ஓட்டல் மேடைகளில் மேலைநாட்டுப் பாடல்களை இரவுதோறும் வாசித்து வளர்ந்தது. துறைமுகம், ஆங்கிலோ இந்தியர் குடியிருப்புகள், தேவாலயப் பாடற்குழுக்கள், கப்பலில் வந்திறங்கும் இசைத்தட்டுகள் என்று எல்லாம் ஒருசேர இருந்த ஊர் அது. 1990இல் அக்குழு ‘கிரவுண்ட் ஜீரோ’ என்ற சொந்த ஆல்பத்தை வெளியிட்டது. கேரளத்தில் ராக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அதுவே தொடக்கப்புள்ளி. பாடல்கள் சொந்தமானவை. ஆயினும் அவற்றை அளக்க அன்று இருந்த அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: அசல் போல இருக்கிறதா? கிட்டார் ஒலி அமெரிக்க ஆல்பங்களில் வருவதைப் போல் வந்துவிட்டதா, பாடகரின் ஆங்கில உச்சரிப்பு ஊரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறதா என்று கேட்பார்கள். காட்டிக்கொடுக்காதிருப்பதே திறமை எனப்பட்டது. ஓட்டல் மேடையில் பிழைத்த குழுக்களை இதற்காகக் குறைசொல்ல முடியாது. விருந்துக்கு வந்தவர் கேட்பதை வாசித்தால்தான் மறுநாளும் மேடை கிடைக்கும்.

திருவனந்தபுரத்தில் அத்தகைய ஓட்டல் மேடைப் பண்பாடு அந்த அளவுக்கு வேரூன்றவில்லை. அது அரண்மனையும் கோவிலும் தலைமைச் செயலகமும் கல்லூரிகளும் சேர்ந்த ஊர். நவராத்திரி மண்டபத்தில் சுவாதித் திருநாள் கீர்த்தனைகள் ஒலிக்கும். வானொலி நிலையத்தில் எளிய சங்கீதம் கற்பிக்கப்படும். ராக் இசை அங்கே நுழைந்த வாயில்கள் வேறு. மேலைநாட்டுப் பயணிகள் வந்து தங்கிய கோவளம் ஒரு வாயில், பொறியியல் கல்லூரி விடுதிகள் இன்னொன்று. விடுதிகளில் ஒருவரிடம் உள்ள ஒலிநாடா பத்துப் பேரிடம் நகலாகும். 1990களில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. 1993இல் அலகாபாத்திலிருந்து அமித் சைகல் நடத்திய ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழ் தொடங்கியது. இந்தியாவின் சிறு நகரங்களில் ராக் வாசித்த இளைஞர்கள் தங்கள் ஆல்பத்தைப் பற்றி அச்சில் ஒரு கருத்தைப் படிக்க முடிந்தது அநேகமாக அப்போதிலிருந்துதான். ஒலிநாடாவுக்குப் பத்து வரி மதிப்புரை கிடைத்தால் அதை வெட்டி ஒட்டிவைக்கும் காலம். அந்தப் பத்து வரியிலும் ‘அசல்’ என்ற அளவுகோலே நிழலாக நின்றது. எந்த மேலைநாட்டுக் குழுவின் சாயல் என்று சொல்லாமல் ஒரு குழுவை அறிமுகப்படுத்தவே அப்போது எவருக்கும் தெரியாது.

மதர்ஜேன் இந்த அளவுகோலை உள்ளிருந்து அசைத்தது. 1996இல் தொடங்கிய அக்குழுவின் முதல் ஆல்பத்துக்கும் ‘மக்தூப்’ தொகுப்புக்கும் இடையில் நடந்தது கிட்டாரின் மாற்றம். பைஜூ தர்மஜனின் விரல்கள் ஒரு சுரத்தில் நின்று பேசாமல் சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே வழுக்கிச் சென்றன. கர்நாடக இசையில் கமகம் எனப்படுவதைத் தடித்த மின்ஒலியில் எழுப்பினார். சூரஜ் மணியின் ஆங்கிலப் பாடல்வரிகள் மேலே செல்ல, அடியில் கிட்டார் ஏறக்குறைய வேறொரு மொழியைப் பேசிக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் இந்தியப் பதிப்பைத் தொடங்கிய ‘ரோலிங் ஸ்டோன்’ போன்ற இதழ்களுக்கு இது நல்வரவாக இருந்தது. இந்திய ராக் என்று தனியே சுட்டிக்காட்ட ஒரு பொருள் கிடைத்துவிட்டது. ‘மக்தூப்’ இன்றும் கேட்கத்தக்க ஆல்பம்தான். ஆனாலும் அதன் ஊரும் நிலமும் கிட்டாரில் மட்டுமே இருந்தன. பாடகரின் வாயில் இல்லை. கேரளத்தை இசைக்கருவி சொல்லலாம், சொல் சொல்லக்கூடாது என்றொரு எழுதப்படாத உடன்படிக்கை அப்போதும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

அந்த உடன்படிக்கையை முறித்தது அவியல். 2003இல் குழு உருவானது. ரெக்ஸ் விஜயன் கிட்டார், டோனி ஜான் குரலும் டர்ன்டேபிளும், மிதுன் புத்தன்வீட்டில் டிரம்ஸ், பின்னி ஐசக் பேஸ் கிட்டார். பெயரே ஒரு விளக்கம். சேனை, முருங்கை, வெள்ளரி என்று கிடைத்ததையெல்லாம் தேங்காயும் தயிரும் சேர்த்து ஒன்றாக்கும் உணவு அது. நாகர்கோவில்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர் வீட்டிலும் திருவனந்தபுரத்து வீட்டிலும் கல்யாணப் பந்தியில் அதே இடத்தில்தான் அவியல் விழும். ஃபேட் ஃபிஷ் நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பம் 2008இல் வந்தபோது, ‘நட நட’ பாடலைத் தொலைக்காட்சி வழியாக முன்பே அறிந்திருந்த கேரள இளைஞர்கள் அதை விழாவாகவே கொண்டாடினர். மலையாளத்தில் ராக் பாட முடியும், பாடினால் கேலிக்கூத்தாகாது என்ற நிம்மதி அந்தக் கொண்டாட்டத்தில் இருந்தது. அந்நிம்மதியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். திரைப்பாடலுக்கு வெளியே ஒரு தென்னிந்திய மொழி மின்கிட்டாரோடு தலைநிமிர்ந்து நிற்பதை அதற்குமுன் பலர் கேட்டதே இல்லை.

இக்கொண்டாட்டத்தின் பின்னால் திருச்சூர்க்காரரான ஜான் பி. வர்க்கி இருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் எங்கண்டியூர் சந்திரசேகரனின் மலையாள வரிகளுக்கு ராக் இசையமைத்துப் பார்த்தவர். அவியலின் தொடக்ககாலப் பாடல்களில் அவர் கைத்தடம் உண்டு. 2022 ஆகஸ்டில் அவர் மறைந்தபோதுதான் பலர் அந்தப் பெயரை முதன்முதலாக அறிந்தனர்.

ஆல்பத்தில் இடம்பெற்ற பாடல்களுள் ஒன்று ‘ஆடு பாம்பே’. இதன் வரிகள் ஸ்ரீநாராயண குரு இயற்றிய ‘குண்டலினிப் பாட்டு’. குரு 1856இல் திருவனந்தபுரத்துக்கு வடக்கே செம்பழந்தியில் பிறந்தவர். 1888இல் நெய்யாற்றங்கரையில் அருவிப்புறத்தில் அவர் சிவலிங்கம் நாட்டியது கேரளச் சமூக வரலாற்றின் திருப்புமுனை என்பது எல்லாரும் அறிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அந்த ஆண்டுகளில் அவர் மருத்துவாமலையில் தவமிருந்தார். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் இன்றும் கண்ணில் படும் மலை அது. அன்று அது திருவிதாங்கூருக்குள் இருந்தது. 1956 நவம்பர் 1 வரை அங்கிருந்து திருவனந்தபுரம் போக எந்த மாநில எல்லையையும் கடக்க வேண்டியதில்லை.

குருவுக்கு யோகம் கற்பித்தவராகச் சொல்லப்படும் தைக்காடு அய்யா சுவாமிகள் தமிழர். திருவனந்தபுரத்தில் ஆங்கிலேய ரெசிடென்சியில் மேலாளராக வேலை பார்த்தவர். அலுவலகத்தில் அதிகாரி, வீட்டில் யோகி. சாதி பாராமல் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தவர் என்று அவரைப் பற்றிய நினைவுகள் பேசுகின்றன. சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் அவரிடம் வந்து சேர்ந்த அதே நகரத்தில்தான், பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1885இல் சைவப் பிரகாச சபையை நிறுவினார். 1891இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டவரும் அவரே. தமிழ்நாட்டின் பள்ளிகளில் நாள்தோறும் பாடப்படும் வாழ்த்து திருவனந்தபுரத்தில் எழுதப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம் என்பது தனிக் கதை.

இந்தச் சூழலில் வளர்ந்த நாராயண குரு மூன்று மொழிகளில் எழுதினார்: சமஸ்கிருதம், மலையாளம், தமிழ். தமிழில் அவர் இயற்றிய தேவாரப் பதிகங்கள் உண்டு. திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தார். கண்ணுடைய வள்ளலாரின் ‘ஒழிவிலொடுக்கம்’ நூலையும் பெயர்த்தார். அவர் பாம்பை அழைத்து ஆடச் சொல்லும்போது அந்த அழைப்பு வெற்றிடத்திலிருந்து வரவில்லை. பாம்பாட்டிச் சித்தர் பாடல்களில் ஒவ்வொரு செய்யுளின் இறுதியிலும் வந்து விழும் அழைப்பு அது. குருவின் பாட்டில் அவ்வழைப்பு இறுதியிலிருந்து முன்னுக்கு நகர்ந்து பல்லவியாகிவிட்டது. தில்லையை நினைவூட்டும் ஆனந்தக் கூத்து உள்ளே வருகிறது. மூலாதாரத்தில் சுருண்டு கிடந்து எழும் குண்டலினியே பாம்பு என்ற உருவகம் இருவருக்கும் பொது. சித்தரிடம் உள்ள ஏளனமும் மல்லுக்கட்டும் குருவிடம் இல்லை. அவருடைய பாம்பு இன்னும் சாந்தமானது.

ஆடு, பாம்பே. இவ்விரு சொற்களை மட்டும் தனியே எடுத்து ஒரு மொழியியலாளரிடம் கொடுத்து, இது தமிழா மலையாளமா என்று கேட்டால் அவரால் விடை சொல்ல முடியாது. ஆடு என்ற ஏவல் வினை இரு மொழிகளிலும் ஒன்று. பாம்பு இரு மொழிகளிலும் பாம்பு. விளிவேற்றுமையின் ஏகாரமும் ஒன்றே. வினைமுற்றில் பால் இட எண் விகுதிகளை மலையாளம் இழந்துவிட்டது என்பது இரு மொழிகளையும் பிரிக்கும் பெரிய அடையாளம். முன்னிலை ஒருமை ஏவலிலோ தமிழிலும் விகுதி கிடையாது, வெறும் வினையடியே ஏவலாக நிற்கும். ஆக, இரு மொழிகளும் எந்த இடத்தில் பிரியவில்லையோ சரியாக அந்த இடத்தில் இந்தத் தொடர் நிற்கிறது. கொல்லத்திலும் கோவில்பட்டியிலும் ஒரே பொருளில் ஒரே ஒலியில் புரியும் ராக் பல்லவி இது. ‘மலையாள ராக்’ என்ற அட்டையை ஒட்டியதும் இந்த உண்மை அட்டைக்குக் கீழே போய்விட்டது.

யாப்பையும் பார்க்கலாம். ஆடு என்பது நேர், நேர். பாம்பே என்பதும் நேர், நேர். இரண்டு தேமாச் சீர்கள், நான்கு அசைகள். ராக் இசையின் அடிப்படைத் தாளம் நான்கு தட்டு. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் அழுத்தம் பெறும் அசை தட்டின்மேல் விழ வேண்டும், இல்லாவிட்டால் சொல் கோணலாகக் கேட்கும். ஆங்கில ராக் பாடல்வரிகளின் கட்டுமானமே இந்தச் சொல்லழுத்தத்தின்மேல் நிற்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் அப்படிப்பட்ட வலுவான சொல்லழுத்தம் இல்லை. நெடிலும் குறிலும், ஒற்றும் ஒற்றின்மையும்தான் தாளத்தைச் சுமக்கின்றன. எனவே இம்மொழிகள் ராக்குக்குப் பொருந்தா என்ற பழைய வாதத்துக்கு ஒலியியல் சார்ந்த ஒரு நியாயம் உண்டு. ஆங்கில மெட்டைப் போட்டு அதற்குள் தமிழ்ச் சொல்லைத் திணித்தால் இடிக்கத்தான் செய்யும். திணிக்காமல், நெடிலும் மெல்லின ஒற்றும் தட்டின்மேல் விழும்படி சொல்லைத் தேர்ந்தெடுத்தால் இடிக்காது. ஆ, பாம், பே ஆகிய மூன்று கனத்த அசைகளுக்கு நடுவே ‘டு’ என்ற ஒரே இலேசான அசை. கிட்டார் ரிஃப் என்பதும் இதுதானே. சில கனத்த அடிகள், இடையில் ஓர் இடைவெளி, பிறகு அதே வட்டம் மறுபடியும். உடுக்கைக்கும் மகுடிக்கும் கட்டப்பட்ட மரபு டிஸ்டார்ஷன் கிட்டாருக்கு இத்தனை எளிதாக இசைந்துபோனதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லி உடம்பை வசப்படுத்தும் கலைகள்.

அதே ஆல்பத்தின் ‘கருகர’ இன்னொரு திருவனந்தபுரத்து இழை. காவாலம் நாராயண பணிக்கர் ஜி. அரவிந்தனின் ‘கும்மாட்டி’ (1979) திரைப்படத்துக்காக எழுதிய வரிகள் அவை. ‘சோபானம்’ நாடகக் குழுவை நடத்தி, 2016இல் திருவனந்தபுரத்திலேயே மறைந்த காவாலத்தின் சொற்களில் நாட்டுப்புறத் தாளம் உள்ளேயே கட்டப்பட்டிருக்கும். இசையமைப்பாளர் அதைக் கெடுக்காமல் விட்டாலே போதும். அவியல் பெரும்பாலும் கெடுக்கவில்லை.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. ஆல்பத்தின் ஒலிப்பதிவு இன்று கேட்கும்போது கொஞ்சம் வழவழப்பாகத் தெரிகிறது. டர்ன்டேபிள் கீறல்கள் அக்காலத்தின் நாகரிகம், அவை பழசாகிவிட்டன. குரலின்மேல் பூசப்பட்ட ஒலிவிளைவுகள் சில இடங்களில் சொற்களைக் கரைத்துவிடுகின்றன. குருவின் வரியாக இருந்தாலும் கேட்பவருக்கு அது ஓசையாக மட்டுமே போய்ச்சேரும் கணங்கள் உண்டு. அப்படிக் கரைந்ததும், அந்தச் சொல் யாருடையது என்ற கேள்வி எழாமல் போனதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இத்தனைக்கும் பிறகு, 2008இன் இரண்டு ஆல்பங்களில் எது மீண்டும் மீண்டும் கேட்கத் தூண்டுகிறது என்றால் ‘அவியல்’தான். ‘மக்தூப்’ கேட்பவரை வியக்கவைக்கிறது. ‘அவியல்’ கேட்பவர் வாயில் ஒட்டிக்கொள்கிறது.

அவியல் திறந்த வழியில் அடுத்து வந்த கனத்த இசைக்காரர்கள் நடக்கவில்லை என்பதுதான் விசித்திரம். திருவனந்தபுரத்தின் த்ராஷ் மெட்டல் குழுவான ‘கேயாஸ்’ 2013இல் ‘வயலன்ட் ரிடெம்ப்ஷன்’ ஆல்பத்தை வெளியிட்டது. முழுக்க ஆங்கிலம். நேர்த்தியான, சுருக்கமான, கோபமான ஆல்பம். அது பிறந்த நகரத்தைக் கண்டுபிடிக்க அதன் ஒலியில் எந்தத் தடயமும் இல்லை. இதைக் குறையாகச் சொல்வது சுலபம். ஆனால் மெட்டல் இசையின் பொருளாதாரம் வேறு மாதிரி இயங்குகிறது. திருவனந்தபுரத்தில் ஒரு த்ராஷ் ஆல்பத்தை வாங்கக்கூடியவர்கள் சில நூறு பேர் என்றால், ஜெர்மனியிலும் பிரேசிலிலும் ஜப்பானிலும் அத்தகைய சில நூறு பேர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். அந்தச் சிதறலைச் சேர்த்தால்தான் ஓர் ஆல்பத்தின் செலவு திரும்பும். சேர்க்கும் மொழி ஆங்கிலம். மேலும், மெட்டல் குரல் சொல்லை உறுமலாக்கிவிடுகிறது. உறுமலில் உயிரெழுத்துகளின் வேறுபாடு பாதி அழிந்துபோகும். நெடில் குறிலால் பொருள் மாறும் மொழிக்கு அது பெரிய இழப்பு. படு, பாடு, பட்டு, பாட்டு எல்லாம் ஒரே உறுமலாகிவிடும் இடத்தில் எந்த மொழி என்பதே இரண்டாம் கேள்வியாகிறது.

சிங்கப்பூரின் ருத்ரா குழுவை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1992இல் தொடங்கிய அக்குழு, தமிழ் வேர்கொண்ட இளைஞர்கள் சேர்ந்து நடத்திய டெத் மெட்டல் குழு. வேதாந்தத்தை மெட்டலுக்குள் கொண்டுவந்து ‘வேதிக் மெட்டல்’ என்று பெயரும் சூட்டியது. அவர்கள் ஆங்கிலத்தோடு சேர்த்த மொழி சமஸ்கிருதம். திருமந்திரமும் சித்தர் பாடல்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் உலக மெட்டல் கேட்போருக்கு முன்னால் ‘இந்தியா’ என்று காட்ட சமஸ்கிருதமே எடுபடும் என்ற கணக்கு அதில் ஒருவேளை இருந்திருக்கலாம். அவர்களுடைய வேதாந்த ஈடுபாடு உண்மையானது என்பதிலும் ஐயமில்லை. தமிழ் மெட்டல் வரலாற்றில் தமிழ்ச் சொல் இன்னும் தன் இடத்துக்காகக் காத்திருக்கிறது என்பதையே ருத்ராவும் காட்டுகிறது.

கேரளத்துக்குத் திரும்பினால், 2014இல் ‘தி டவுன் ட்ராடன்ஸ்’ குழு ‘ஹவ் ஆர் யூ? வீ ஆர் ஃபைன், தேங்க் யூ’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. கண்ணூரில் வேர்கொண்ட குழு. தெய்யத்தின் நிலம் அது. ஆங்கிலமே பாடல்மொழி என்றாலும் வடமலபாரின் மேளமும் சினமும் இந்த ஆல்பத்தின் எலும்புக்குள் இருக்கின்றன. கேரளத்திலிருந்து வந்த மெட்டல் ஆல்பங்களில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்வது கடினம். அதிலுள்ள ஒரு பாடலின் பெயர் ‘நாகவல்லி’. இந்தப் பெயரைக் கேட்டதும் கேரளத்தில் எவருக்கும் நினைவில் எழுவது 1993இல் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’. பூட்டிய அறைக்குள் அடைபட்ட நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நடனக்காரி. கங்கா தன் இயல்பில் மலையாளம் பேசுவாள், நாகவல்லியாகும்போது தமிழ் பேசுவாள். எம். ஜி. ராதாகிருஷ்ணன் இசையமைத்த அதன் உச்சகட்டப் பாடலில் மலையாள வரிகள் பிச்சு திருமலையுடையவை, தமிழ் வரிகள் வாலியுடையவை. படத்தின் சில பகுதிகள் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டன. தமிழ்நாட்டுக்குள் இருந்துகொண்டு கேரள அரசின் பராமரிப்பில் உள்ள அரண்மனை அது. எல்லைக்கோடு எவ்வளவு தாமதமாக வந்தது என்பதற்கு அதைவிட நல்ல கட்டடச் சான்று கிடையாது.

பாம்பு ஒருமுறை, பேயாகிவிட்ட நடனக்காரி ஒருமுறை. கேரளத்தின் கனத்த இசைக்குள் தமிழ் வந்துசேரும் வழியை இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அது அடியிலிருந்தும் பூட்டப்பட்ட அறையிலிருந்தும் எழுவதாகவே இருக்கிறது. முதலாவதில் அருளாக, இரண்டாவதில் ஆங்காரமாக. இதற்குச் சமூகவியல் காரணம் சொல்ல முடியும். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவிலும் கரமனை அக்கிரகாரத்திலும் தமிழ் அன்றாடம் பேசப்படும் மொழி, காரியவட்டத்தில் பல்கலைக்கழகத் துறை உள்ள மொழி. 1956க்குப் பிறகு மாநிலத்தின் அதிகாரபூர்வக் கதையில் அதற்குச் சொந்த இடம் சுருங்கிவிட்டது. எல்லையின் இந்தப் பக்கத்திலும் நிலைமை அதேதான். குமரி மாவட்டத்து மலையாளத்தை நாம் எத்தனை கதைகளில் கேலிக்கு மட்டும் பயன்படுத்தியிருக்கிறோம்!

டவுன் ட்ராடன்ஸ் குழுவில் கீபோர்டு வாசித்த சுஷின் ஷ்யாம் பின்னர் திரையிசைக்குப் போனார். அவியலின் ரெக்ஸ் விஜயன் அவருக்கு முன்பே போயிருந்தார். கேரள ராக் குழுக்களின் திறமை ஆல்பங்களாகத் தொடராமல் படங்களுக்குள் கரைந்ததற்கு இவ்விருவரும் சான்று. வருமானம் அங்கேதான் இருக்கிறது, அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. 2024இல் சுஷின் இசையமைத்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வெளிவந்தது. கொடைக்கானல் குகைக்குள் விழுந்த நண்பனை மீட்கும் கதை. நண்பன் மேலே வரும் கட்டத்தில் ஒலிப்பது 1991இல் வெளியான ‘குணா’ படத்தில் இளையராஜா இசையமைத்த ‘கண்மணி அன்போடு’. இந்த முறை தமிழ் எழுந்தது குகையிலிருந்து. பாடலின் உரிமை குறித்து இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு போனதும் செய்தியானது. பாம்பாட்டிச் சித்தருக்காக அவியலுக்கு அப்படி அனுப்ப எவரும் இல்லை. அந்தப் படத்தைத் தமிழ்நாட்டில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மலையாளத்தில்தான் பார்த்தார்கள். கேரளத்து அரங்குகளிலும் அப்பாடலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.